யாளி, அசுணம், முயற்கொம்பு: அறிவின் எல்லையில் நிற்கும் விலங்குகள்

கேள்வி, ஜனவரி 6

"டிராகன், யாளி, கின்னரம், ஒற்றைக்கொம்புக் குதிரை எல்லாமே அறியாமையில் பிறந்தவை. தெரியாத இடத்தை மனிதன் பயத்தால் நிரப்பினான். அறிவு வளர வளர இவை சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் குழந்தைகளின் படப்புத்தகத்தில்தான் மிஞ்சும். இதில் குறியீடு, தத்துவம் என்று தேட என்ன இருக்கிறது?"

ஜனவரி 6, இரவு

நிறைய இருக்கிறது. முதலில் அந்தத் "தெரியாத இடம்" என்பதையே எடுத்துக்கொள்வோம்.

யாரும் பார்த்திராத ஒரு மிருகத்தை வரைந்து பாருங்கள். என் அண்ணன் மகள் ஒருமுறை என்னை இப்படி வரையச் சொன்னாள். முதலில் வந்தது வௌவால் இறக்கை. அதை அழித்தேன், மீன் செதில் வந்தது. அப்புறம் சிலந்திக் கால். தலையே வேண்டாம் என்று விட்டால் ஜெல்லிமீன் போல ஆகிவிட்டது. அவள் வரைந்ததற்கு உடம்பெல்லாம் கண். ஆனால் அந்தக் கண்ணும் நாம் பார்த்த கண்தான். புதிதாக ஒரே ஒரு உறுப்பைக்கூட எங்களால் உண்டாக்க முடியவில்லை.

பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் 1641-இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலின் முதல் தியானத்திலேயே இதைக் கவனிக்கிறார். ஓவியர்கள் எவ்வளவு முயன்று சைரன்களையும் ஆட்டுக்கால் மனிதர்களையும் வரைந்தாலும், பல விலங்குகளின் உறுப்புகளைக் கலக்கத்தான் முடிகிறது என்கிறார். முழுக்க முழுக்கப் புதிதாக ஒன்றை வரைந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், பூசிய நிறமாவது உண்மையான நிறமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

யாளியைப் பாருங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. இரண்டையும் அதைச் செதுக்கிய சிற்பிக்கு நன்றாகத் தெரியும். துதிக்கையின் மடிப்புகளை அவ்வளவு துல்லியமாக வடித்தவரை அறியாமையில் இருந்தவர் என்று எப்படிச் சொல்வது? இந்த விலங்குகளில் ஒவ்வொரு துண்டும் தெரிந்த துண்டு. அவற்றைச் சேர்த்த விதம்தான் எங்கேயும் காணாதது. அறிவு எங்கே முடிகிறது என்று தேடுகிறவர் அந்தச் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 7

"பழைய வரைபடங்களில் தெரியாத நிலத்தில் எல்லாம் 'இங்கே டிராகன்கள் உண்டு' என்று எழுதுவார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அப்படி எழுதுவது வழக்கமாக இருந்ததே இல்லை. அந்த லத்தீன் வாசகம் உள்ள மிகப் பிரபலமான பொருள் 1510-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு சிறிய செம்பு உருண்டை. நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதில் ஆசியாவின் கிழக்குக் கரைப் பக்கம் அந்த வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டால் இதே வாசகத்துக்கு உதாரணம் தேடுவது பெரும்பாடு.

கடல் பூதங்கள் வரைபடங்களில் ஏராளம் உண்டு, உண்மை. ஆனால் எந்த இடத்தில் என்று பாருங்கள். ஓலவுஸ் மாக்னுஸ் 1539-இல் வெளியிட்ட வட நாடுகளின் பெரிய வரைபடத்தில் பூதங்கள் நெருக்கியடிப்பது நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில். மீனவர்களும் வணிகர்களும் போய்வந்துகொண்டிருந்த கடல் அது. ஒருவரும் போகாத இடத்திலிருந்து பூதக்கதை எப்படி வரும்? போய், அரைகுறையாகப் பார்த்துத் திரும்பியவர்தான் கதை சொல்ல முடியும்.

ஜனவரி 9

"அறிவியல் வந்ததும் இவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்களே" என்ற வாதத்துக்கு.

அடித்தார்கள். அடித்த கதை நாம் நினைப்பதைவிடச் சுவையானது. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735-இல் தன் இயற்கை வகைப்பாட்டின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, விலங்குகளின் அட்டவணையில் 'பாரடாக்ஸா' என்று தனியாக ஒரு கட்டம் ஒதுக்கினார். வகைக்குள் அடங்காதவை, நம்ப முடியாதவை எல்லாம் அங்கே. ஹைட்ரா, ஒற்றைக்கொம்பன், ஃபீனிக்ஸ், டிராகன் இருந்தன. கூடவே கூழைக்கடாவும் இருந்தது!

கூழைக்கடா உண்மையான பறவை. ஆனால் தன் நெஞ்சைக் கிழித்து ரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்கும் என்று அதைச் சுற்றி ஒரு கதை இருந்தது. தேவாலயங்களில் தியாகத்தின் சின்னமாக அதைச் செதுக்கி வைத்திருந்தார்கள். குறியீடு அவ்வளவு அழுத்தமாக ஒட்டியிருந்ததால் பறவையையே சந்தேகிக்க வேண்டியதாயிற்று. எனக்கு இந்த ஒரு பதிவு பல நாள் யோசிக்க இடம் கொடுத்தது. இல்லாததை உண்டென்று நம்புவதைப் பற்றியே பேசுகிறோம். உள்ள ஒன்று, அதன் மேல் நாம் ஏற்றிய பொருளால், இல்லாதது போல ஆகிவிடுவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதே ஆண்டு ஹாம்பர்க்கில் ஏழு தலை ஹைட்ரா ஒன்றைப் பாடம் செய்து வைத்திருந்தார்கள். பெரும் விலை பேசப்பட்ட பொருள். லின்னேயஸ் போய்ப் பார்த்தார். தாடைகளும் பாதங்களும் மரநாய் இனத்து விலங்கினுடையவை, மேலே ஒட்டியிருப்பது பாம்புத் தோல் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். உடைமைக்காரர்களின் கோபத்துக்குப் பயந்து சீக்கிரமே ஊரைவிட்டுக் கிளம்பவும் வேண்டியிருந்தது. அவர் செய்தது சேர்ந்த இடத்தைப் பார்த்ததுதான். 6-ஆம் தேதி நான் சொன்னதும் அதுவே.

ஜனவரி 10

நேற்றையதின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

1790-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தோல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. வாத்தின் அலகு, நீர்நாய் போன்ற உடம்பு, சவ்வு விரல்கள். 1799-இல் அதை விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, இது யாரோ தைத்து ஒட்டிய ஏமாற்றுவேலையாக இருக்குமோ என்ற தன் சந்தேகத்தையும் சேர்த்தே எழுதினார். ஒட்டுப்போட்ட கடற்கன்னிகளைக் கப்பல்காரர்கள் விற்றுக்கொண்டிருந்த காலம். சந்தேகப்பட்டது புத்திசாலித்தனம்தான். ஹைட்ராவில் வென்ற அதே முறைதான் இங்கேயும். ஆனால் இந்தத் தடவை தையல் இல்லை. பிளாட்டிபஸ் முழுசாக ஒரே விலங்கு.

அத்தோடு முடியவும் இல்லை. பாலூட்டி முட்டையிடுமா என்ற சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. 1884-இல் கால்ட்வெல் என்ற விலங்கியலாளர் முட்டையைக் கண்டு தந்தி அடித்த பிறகுதான் ஓய்ந்தது. முட்டையிடும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

எது நடக்காது என்பதில் நாம் எவ்வளவு உறுதியாக இருக்கிறோமோ, அந்த உறுதியும் அறிவுக்கு ஒரு எல்லை போடுகிறது. எனக்கு யாளியைவிட பிளாட்டிபஸ்தான் இந்த விஷயத்தில் பெரிய ஆசான்.

ஜனவரி 12

க்ராக்கனை, அதாவது கப்பல்களை இழுத்து மூழ்கடிப்பதாக வடகடல் கதைகள் சொல்லும் பூதத்தை, கேட்டவருக்குச் சுருக்கமாக. 1857-இல் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற டென்மார்க் விலங்கியலாளர், கரை ஒதுங்கிய ஒரு பெரிய அலகை வைத்து ராட்சதக் கணவாய்க்கு அறிவியல் பெயர் சூட்டினார். உயிரோடு, அதன் இடத்திலேயே, அதைப் படம் பிடித்தது 2004-இல், ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே. இந்த ஒரு விலங்கில் முதல் கேள்வியின் வாதம் பெருமளவு பொருந்துகிறது: கதை சுருங்கியது, கணவாய் மிஞ்சியது. ஆனால் பெயருக்கும் படத்துக்கும் நடுவே உள்ள 147 ஆண்டுகளைக் கவனியுங்கள். அத்தனை காலமும் அதை உண்டு என்று அறிந்திருந்தோம், அதன் ஆழ்கடலிலேயே அது உயிரோடு நீந்துவதைப் படம் பிடித்தவர் யாரும் இல்லை. இந்த நிலைக்கு அறிவு என்று பேரா, நம்பிக்கை என்று பேரா? அறிவு என்றே சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் தயங்குவேன்.

ஜனவரி 15

"அப்படியானால் எல்லாக் கற்பனை விலங்கும் ஒருவகையில் உண்மை என்கிறீர்களா?"

இல்லை. குழம்பாமல் இருக்க இரண்டாகப் பிரிக்கிறேன். கண்டதாகச் சொல்லப்பட்டவை ஒரு வகை: க்ராக்கன், ஒற்றைக்கொம்பன். யோசித்துச் செய்யப்பட்டவை இன்னொரு வகை: யாளி, மகரம், ஸ்பிங்க்ஸ். முதல் வகைக்குச் சாட்சி கேட்கலாம். இரண்டாவது வகையிடம் சாட்சி கேட்பது பொருந்தாத கேள்வி.

ஒற்றைக்கொம்பன் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு இடம் மாறிய விலங்கு. ஏறத்தாழ கி.மு. 400-இல், பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டீசியஸ், இந்தியாவில் ஒற்றைக்கொம்புக் காட்டுக்கழுதைகள் உண்டு என்று எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை, கேட்டதை எழுதினார். பல நூற்றாண்டு கழித்து மார்க்கோ போலோ சுமத்ராவில் நிஜமாகவே ஒற்றைக்கொம்பனைப் பார்த்துவிட்டார். சேற்றில் புரளும் அருவருப்பான மிருகம், நம் ஊரில் கன்னிப்பெண் மடியில் தலைவைக்கும் என்று சொல்கிறார்களே, அதைப்போல் இது கொஞ்சமும் இல்லை என்கிறார். பார்த்தது காண்டாமிருகம். ஒற்றைக்கொம்பனே கிடையாது என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. அது வேறுமாதிரி இருக்கிறது என்றுதான் எழுதினார். கையில் இருந்த பெயருக்குள் புதிய விலங்கை நுழைத்துக்கொண்டார்.

1414-இல் வங்காளத்திலிருந்து ஒட்டகச்சிவிங்கி ஒன்று மிங் பேரரசரின் அவைக்கு வந்தபோது, சீனத்தில் அதைக் 'கிலின்' என்று வரவேற்றதும் இப்படித்தான். கிலின் நல்லாட்சியில் மட்டும் தோன்றும் புனித விலங்கு. அதன் குறியீடு அரசருக்குத் தேவைப்பட்டது, ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த வேலை கிடைத்தது.

இனி கொம்பு. ஐரோப்பிய அரசர்கள் பொன்னாகப் பாதுகாத்த 'ஒற்றைக்கொம்பன் கொம்பு' வடகடல் நார்வால் திமிங்கிலத்தின் பல் என்று டென்மார்க் மருத்துவர் ஓலெ வோர்ம் 1638-இல் கோபன்ஹேகனில் நிறுவினார். பிறகு என்ன ஆனது? அதே டென்மார்க்கின் அரசர்கள் 1662-இலிருந்து 1671-க்குள் அந்தப் பற்களை வைத்தே சிம்மாசனம் செய்து முடித்தார்கள். இது திமிங்கிலப் பல் என்று தெரிந்த நாட்டில், தெரிந்த பிறகு! அறிவு வந்தால் குறியீடு விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த நாற்காலியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 19

கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனுக்கு மூலம் குள்ள யானையின் மண்டையோடு என்று சுட்டி அனுப்பியவருக்கு நன்றி. மத்தியதரைத் தீவுகளில் கிடைக்கும் அந்த மண்டையோட்டில் துதிக்கைக்கான நடுத்துளை ஒரே பெரிய கண்குழி போலத் தெரியும். 1914-இல் ஓதனியோ ஆபெல் என்ற தொல்லுயிரியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். கேட்க அழகாக இருக்கிறது. பண்டைக் காலத்தில் ஒருவர் அந்த மண்டையோட்டைப் பார்த்துத்தான் கதை கட்டினார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது.

இம்மாதிரி "அது உண்மையில் இதுதான்" விளக்கங்கள் மேல் எனக்கு முன்பு பெரிய மோகம் இருந்தது. இப்போது குறைந்துவிட்டது. மண்டையோடு ஒரு கண்ணை விளக்கலாம். விருந்தாளியை உபசரிக்க வேண்டியவன் விருந்தாளியைத் தின்கிறான் என்பதை அது விளக்குமா? கதையின் அச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இதை அன்றைக்கே பேசிவிட்டார்கள். பிளேட்டோவின் ஃபீட்ரஸ் உரையாடலில், காற்றுத் தேவன் ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்ற கதையை நம்புகிறீரா என்று சாக்ரடீஸிடம் கேட்கிறார்கள். காற்று பாறையிலிருந்து தள்ளிவிட்டது என்று கெட்டிக்காரத்தனமாக விளக்கிவிடலாம், ஆனால் அப்படித் தொடங்கினால் குதிரைமனிதனுக்கும் கிமேராவுக்கும் கோர்கனுக்கும் பெகாசஸுக்கும் வரிசையாக விளக்கம் தர வேண்டும், அதற்கு எனக்கு நேரம் இல்லை, என்னையே நான் இன்னும் அறியவில்லை என்கிறார் அவர். அப்புறம் சொல்வதுதான் எனக்கு முக்கியம்: நான் டைஃபோனைவிடச் சிக்கலான, வெறிபிடித்த மிருகமா, அல்லது அமைதியான எளிய உயிரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டைஃபோன் பாம்புத்தலைகள் நிறைந்த பூதம். அது எங்கே வாழ்ந்தது என்ற விசாரணையை ஒதுக்கிய அதே மூச்சில், தன்னை விசாரிக்க அதையே எடுத்துக்கொள்கிறார். உங்கள் முதல் கேள்விக்கு நான் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் ஒரு வரியில் செய்துவிட்டார்.

ஜனவரி 27

அசுணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் எங்கள் தமிழ் ஆசிரியை நற்றிணை 304 நடத்தினார். தலைவன் சேர்ந்தால் அழகு வருகிறது, பிரிந்தால் பசலை வருகிறது, அவன் மார்பு அசுணம் கொல்பவர் கையைப் போல இன்பமும் துன்பமும் சேர்ந்தே உடையது என்கிறாள் தலைவி. யாழை இசைத்து அசுணத்தை வரவழைப்பார்கள், அது மயங்கி நிற்கும்போது பறையை அறைவார்கள், அந்த வல்லோசை தாங்காமல் அது இறந்துபோகும் என்று விளக்கம் சொன்னார். ஒரு மாணவி எழுந்து, "அசுணம்னா எப்படி டீச்சர் இருக்கும்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது" என்றார். அந்தப் பதில் என்னைவிட்டுப் போகவில்லை. வகுப்பில் ஒரு பெரியவர் தெரியாது என்று தயக்கமில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். அசுணத்துக்குக் கால் உண்டா, சிறகு உண்டா, என்ன நிறம், ஒரு சொல் கிடையாது. சிலர் விலங்கு என்றார்கள், சிலர் பறவை என்றார்கள். கவிஞருக்கு அதன் உடம்பே தேவைப்படவில்லை. நல்லிசையைக் கேட்கும் ஒரு செவி, அதே செவி வழியாக வரும் சாவு, இவ்வளவு போதுமாக இருந்தது. எல்லாப் பூதங்களும் உறுப்புகளைச் சேர்த்துச் செய்தவை என்று 6-ஆம் தேதி எழுதினேன். இதற்கு உறுப்பே இல்லை. 15-ஆம் தேதி பிரித்த இரண்டு வகையிலும் இது உட்காரவில்லை: உண்மையில் இருந்து அழிந்த விலங்கா, செய்த விலங்கா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்தப் பிரிவு முழுமையானது என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

அகநானூறு 88-இலும் அசுணம் வருகிறது. வண்டுக் கூட்டம் ஒலிக்கிறது. மலைக்குகையில் இருக்கும் அசுணம் அதை யாழ் என்று எண்ணி உற்றுக் கேட்கிறது. பாருங்கள், இங்கே தவறாக அறிவது அந்த விலங்குதான். ஒலி சரியாகவே காதில் விழுகிறது. ஒலிக்குக் காரணம் வேறு. குகைக்குள் இருந்தபடி அதனால் சரிபார்க்க முடியாது. நமக்கு அசுணம் எதுவென்று தெரியாது, அசுணத்துக்கு அந்த ஒலி எதுவென்று தெரியாது. தமிழில் அறிவின் எல்லையை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கவிஞர் அதற்காக எழுதவில்லை, ஒரு மலைக்காட்சிக்காக எழுதினார். இருக்கட்டும். பாட்டு அதையும் சேர்த்தே தாங்குகிறது.

ஜனவரி 28

முயற்கொம்பைப் பற்றிக் கேட்டீர்கள். தர்க்க நூல்களில் மலடி மகன், ஆகாயத்தாமரை, முயற்கொம்பு மூன்றும் இல்லாததற்கு உதாரணம். அரிஸ்டாட்டிலும் ஆட்டுமான் என்று ஒன்றை இதே வேலைக்கு வைத்திருக்கிறார்: அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று நாம் அறியலாம், ஆனால் ஆட்டுமான் என்பது என்ன என்று அறிய முடியாது, இல்லாததன் இயல்பை யாராலும் அறிய இயலாது.

யாளியும் இல்லைதான். ஆனால் யாளியை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. முயற்கொம்பை யாரும் தூணில் செதுக்கிக் கும்பிடுவதும் இல்லை. இரண்டும் இல்லாதவை என்பதில் சமம், செய்யும் வேலையில் வேறு. சங்கப் பாட்டில் ஆளி (யாளிதான்) யானையையே அடிக்கும் விலங்கு. சிற்பி அதற்கு யானையின் துதிக்கையையே கொடுத்தார். வென்றவன் தோற்றவனின் வலிமையை அணிந்துகொள்கிறான் என்று நான் படித்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே. முயலின் தலையில் கொம்பை வைத்தால் அப்படி எதுவும் நடப்பதில்லை.

பிப்ரவரி 4

முயல் இன்னும் விடவில்லை. 1933-இல் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் வட அமெரிக்கக் காட்டுமுயல்களின் தலையில் கறுப்பாக, கொம்பு போலவே நீளும் வளர்ச்சிகளை ஆராய்ந்து, அவற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று காட்டினார். புற்றை உண்டாக்கும் வைரஸ்களைப் பற்றிய ஆய்வில் அது ஒரு முக்கியமான படி. முயலுக்குக் கொம்பு முளைத்த செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்த நோய் இருந்திருக்கலாம்.

தர்க்கக்காரர் தோற்றாரா? இல்லை. அது கட்டி, கொம்பு இல்லை, அவர் உதாரணம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் "இல்லவே இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் கொடு" என்றால் இனி நான் மலடி மகனைத்தான் எடுப்பேன். அது சொல்லுக்குள்ளேயே முரண். முயற்கொம்பு முரண் இல்லை, இதுவரை காணாதது, அவ்வளவுதான். பல நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறோம். நடக்கவே முடியாததும் இன்னும் நடக்காததும் ஒன்றா?

பிப்ரவரி 5

ஆகாயத்தாமரை என்ற பெயரில் நிஜமாகவே ஒரு நீர்த்தாவரம் இருக்கிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். சரி, தெரியும். தர்க்கத்தில் சொல்வது வானத்தில் பூப்பதை.

பிப்ரவரி 11

"குறியீடு என்றால் கடைசியில் வெறும் உவமைதானே, அதற்கு ஏன் இவ்வளவு?" என்று முதலில் கேட்டவரே மறுபடியும் வந்திருக்கிறார். நாலடியார் 135-ஐ வைத்துப் பதில் சொல்கிறேன். "கல்வி கரையில கற்பவர் நாள்சில" என்று தொடங்கும். கற்க வேண்டியதற்குக் கரை இல்லை, கற்பவருக்கு ஆயுள் கொஞ்சம், அதிலும் நோய் பல. அறிவின் எல்லையை இதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது. அப்புறம் என்ன செய்வது? ஆராய்ந்து தகுந்ததை மட்டும் கற்க வேண்டும், "நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து."

நீரை விட்டுப் பாலை மட்டும் குடிக்கும் பறவை எங்கும் கிடையாது. பாட்டு அதனால் கெட்டதா? இதைப் படித்த எவரும் ஒரு வாத்தின் முன்னால் கிண்ணம் வைத்துச் சோதிக்க ஓடவில்லை, தான் எதைப் படிப்பது, எதை விடுவது என்றுதான் யோசித்தார்கள். நிஜப் பறவை ஒன்றை உவமையாக வைத்திருந்தால் அந்தத் திறமை எங்கோ ஒரு அலகில் ஏற்கெனவே இருப்பதாக ஆகியிருக்கும், நாம் வியந்துவிட்டுப் போயிருப்போம். யாரிடமும் முழுதாக இல்லாத திறமை அது. அதனால்தான் இல்லாத பறவையிடம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பறவை உண்டு என்று அந்தப் புலவர் நம்பினாரா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். பாட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது. நாள் சில என்று அவரே சொல்லிவிட்டதால் அந்தக் கேள்வியில் நான் என் நாளைச் செலவழிக்கப்போவதில்லை. மகரத்தைப் பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுதுகிறேன்.